காலை நேரத்து நடுக்கம்

பழுதுகள் இருவகைப்படும். எந்நேரமும் கண்ணுக்குத் தெரியும் பழுது ஒருவகை. சில வேளைகளில் மட்டும் தலைகாட்டிவிட்டு, பிறர் பார்க்க வரும்போது ஒளிந்துகொள்ளும் பழுது மற்றொரு வகை. முதல் வகைப் பழுதைத் திருத்தக் கைத்திறன் போதும். இரண்டாம் வகைப் பழுதைத் திருத்தவோ கைத்திறனோடு பொறுமையும் ஒழுங்கான சிந்தனையும் வேண்டும். இரவெல்லாம் உறங்கவிடாமல் வலித்த பல், மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்ததும் வலி மறந்து கிடப்பதுண்டு. மழையில் ஒழுகும் கூரை, ஏணியோடு ஆள் வந்து ஏறிப் பார்க்கும் வெயில் நாளில் தன் ஓட்டையைக் காட்டுவதில்லை. காலையில் இயக்கியதும் நடுங்கி, உறுமி, அணைந்துவிடத் துடிக்கும் கார் இயந்திரம், சற்றுச் சூடேறியதும் ஒன்றுமே நடவாததுபோல் சீராக ஓடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இப்பழுது பார்வைக்குச் சிறியதுதான். ஐந்து நிமிடம் பொறுத்தால் தானே அடங்கிவிடும் ஒன்றைப் பற்றி இத்துணை பேசுவானேன் என்று தோன்றலாம். ஆயினும் இதனை ஆராய்ந்து தீர்க்கும் முறை, பள்ளியில் பாடம் சொல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கத் தக்கது. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று தெளிதல், அது தோன்றிய காரணத்தைத் தெளிதல், அதைத் தணிக்கும் வழியைத் தெளிதல் ஆகியவற்றை வரிசைப்படுத்திய பின்னரே மருத்துவனைச் செயலில் இறங்கச் சொல்கிறார். மூன்று தெளிவுகளுக்குப் பின்னரே ஒரு செயல். அவ்வரிசையை மாற்றிச் செயலை முன்னே வைத்தால் என்ன நேரும் என்பதற்குப் பட்டறைகளும் சான்று, பள்ளிகளும் சான்று.

வண்டி நகராமல் நிற்க, இயந்திரம் மட்டும் இயங்கிக்கொண்டிருக்கும் நிலையைப் பட்டறைகளில் ‘ஐட்லிங்’ என்பார்கள். சூடேறிய கார் இயந்திரம் அந்நிலையில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்றுகள் வரை சுழலும். மிகக் குறைந்த காற்று, மிகக் குறைந்த பெட்ரோல், மிகக் குறைந்த வேகம். அதனால்தான் சிறு குறையும் அங்கே பெரிதாகத் தெரிகிறது. நெடுஞ்சாலையில் விரைந்தோடும்போது வேகத்தின் உந்துதல் பல குறைகளை மறைத்துவிடும். மெல்ல நடக்கும்போதுதான் காலின் ஊனம் புலப்படும். நோயாளியின் நாடி மருத்துவனுக்கு எப்படியோ, அப்படியே இயந்திரத்தின் ஐட்லிங் பழுது பார்ப்பவனுக்கு.

குளிர்ந்த இயந்திரம் என்பது பனி உறைந்த இயந்திரம் அன்று. இயந்திரம் தன் பணியைச் செம்மையாகச் செய்வதற்கு அதைச் சுற்றியோடும் நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டி, சமவெளியின் 25 பாகையில் நின்றாலும் இயந்திரக் கணக்கில் அது குளிர்ந்ததே. மலைப்பகுதியாயின் குளிர் இன்னும் மிகும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் ஆய்ந்து குறித்த மலைநிலம் இன்று அவர் பெயராலேயே கேமரன் மலை என வழங்குகிறது. அங்குள்ள தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. விடியற்காலையில் அங்கே வெப்பம் 17 பாகைக்கு இறங்குவது இயல்பு. காற்றின் அழுத்தமும் கடற்கரையைவிட 15 விழுக்காடு அளவுக்குக் குறைவு. கார் இயந்திரத்தின் காலை நடுக்கத்தை ஆராய இதைவிடத் தக்க இடம் இந்நாட்டில் இல்லை.

குளிரில் இயந்திரம் தடுமாறுவது ஏன்? பெட்ரோல் நீர்மமாக இருக்கும்வரை எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே எரிகிறது. அது ஒரே பொருளும் அன்று. சில கூறுகள் 35 பாகை அளவிலேயே கொதித்து ஆவியாகும். வேறு சில கூறுகள் 200 பாகையை நெருங்கினால்தான் ஆவியாகும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, உள்ளே செல்லும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். கணக்குப்படி பெட்ரோல் போயிருக்கும். ஆனால் எரிவதற்கு உரிய ஆவி போதாமல் இருக்கும். எனவே, குளிர்ந்த இயந்திரத்துக்கு வழக்கத்தினும் மிகுதியாகப் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். சூடேற ஏற அந்த மிகுதியைப் படிப்படியாகக் குறைத்துவிட வேண்டும். பச்சைக் குழந்தைக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் ஒரே அளவு உணவைத் தாய் கொடுப்பதில்லை அன்றோ?

முற்காலத்தில் இந்த வேலையை ஓட்டுநரே செய்தார். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மாரிஸ் மைனர் காரை மலாயாவின் ஆசிரியர்கள் பலர் அறிவர். அதன் முன்பலகையில் ‘சோக்’ எனப்படும் ஒரு பிடி இருந்தது. காலையில் அதை வெளியே இழுத்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு மிகும். வண்டி சற்றுத் தூரம் ஓடியதும் அதை மெல்ல உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்தவர்கள் கரும்புகையோடு ஊர்வலம் வந்தார்கள். 1985ஆம் ஆண்டில் மலேசியாவின் முதல் தேசிய காராகிய புரோட்டோன் சாகா வெளிவந்தபோதும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பணியைக் கார்புரேட்டரே செய்தது. இதற்கிடையில், 1967ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணுத் தெளிப்பு முறை வோக்ஸ்வேகன் காரில் இடம்பெற்றுவிட்டது. காலப்போக்கில் அம்முறையே உலகெங்கும் நிலைபெற்றது.

இம்முறையில் ஓட்டுநரின் கைக்கு வேலை இல்லை. இயந்திரத்தைச் சுற்றியோடும் நீரில் விரல்நுனி அளவுள்ள ஓர் உணரி மூழ்கியிருக்கிறது. அதன் உள்ளே தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள் உண்டு. குளிர்ந்தால் அதன் மின்தடை கூடும், சூடேறினால் குறையும். 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம் காட்டும் உணரி, 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம் காட்டும். அந்த எண்ணைக் காரின் கணினி படிக்கிறது. ‘இயந்திரம் குளிர்ந்திருக்கிறது’ என்று அறிந்தால் பெட்ரோல் தெளிப்பான்களை இன்னும் சற்று நேரம் திறந்துவைக்கிறது. காற்று வழியை அகலத் திறந்து நிமிடத்துக்கு 1,200 அல்லது 1,300 சுற்றுகளுக்கு வேகத்தை உயர்த்துகிறது. சூடேற ஏற இரண்டையும் குறைக்கிறது. அன்று மனிதர் கையால் செய்ததை இன்று கணினி கணக்கால் செய்கிறது. எந்தக் கணக்கும் தரப்பட்ட எண்ணைப் பொறுத்ததே. எண் பொய்யானால் கணக்குச் சரியாக இருந்தும் விடை பிழையாகும்.

கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழ்ந்துவந்தார். இருபது ஆண்டு வயதுடைய கார் ஒன்று அவரிடம் இருந்தது. பள்ளிப் பேருந்து எட்டாத ஒரு லயத்திலிருந்து மூன்று பிள்ளைகளை அவர் நாள்தோறும் அந்தக் காரில் ஏற்றிச் செல்வார். அதற்கு அவர் கூலி வாங்கியதில்லை. அவர் போகாவிட்டால் அப்பிள்ளைகள் பள்ளிக்கு வர வேறு வழியும் இருந்ததில்லை.

ஓராண்டின் இறுதியில் அந்தக் கார் காலையில் நடுங்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பியதும் இயந்திரம் இருமும், ஓடும், தளரும், மீண்டும் எழும். விசையை மிதித்தால் முன்னே பாய்வதற்குப் பதிலாக ஒரு கணம் தயங்கும். ஐந்து நிமிடம் கழிந்தால் எல்லாம் சரியாகிவிடும். அவர் அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகினார். ஒரு நாள் காலை, பிள்ளைகள் மூவரும் பின்னிருக்கையில் இருக்க, மேட்டு வளைவு ஒன்றில் இயந்திரம் அறவே அணைந்தது. பின்னால் காய்கறி ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. லாரி ஓட்டுநர் வண்டியை வலப்புறம் திருப்பி, ஒரு முழ இடைவெளியில் விலகிச் சென்றார். எவருக்கும் காயமில்லை. ஆனால், அன்று மாலையே பிள்ளைகளுள் இருவரின் தாய், ‘வண்டி சரியாகும்வரை பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும், ஐயா’ என்று சொல்லிவிட்டார். அந்தத் தாயைக் குறைகூற எவரால் முடியும்? பள்ளி வருகைப் பதிவேட்டில் அந்த வாரம் முழுதும் இரு பெயர்களுக்கு நேரே வெற்றுக் கட்டங்களே இருந்தன.

ஆசிரியர் அந்தச் சனிக்கிழமையே காரை மலையடிவாரப் பட்டணத்துக்குக் கொண்டுசென்றார். வளைந்து நெளிந்து இறங்கும் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, நன்கு சூடேறிய நிலையில் வண்டி பட்டறையை அடைந்தது. அங்கே அது மணி போல் ஓடியது. பழுதைக் காணாத பட்டறைக்காரர் பழுதை ஊகித்தார். நான்கு பிளக்குகளையும் மாற்றினார். பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார். முந்நூறு வெள்ளிக்கு மேல் செலவாயிற்று. மறுநாள் காலை மலையில் வண்டி முன்போலவே நடுங்கியது. இரண்டாம் முறை போனபோது, பெட்ரோல் தெளிப்பான்கள் நான்கையும் மாற்ற வேண்டும் என்ற பதில் கிடைத்தது. அதற்குரிய தொகை ஆசிரியரின் சேமிப்புக்கு அப்பாற்பட்டது. நோய் இன்னதென்று தெளியும் முன்னரே மருந்து கொடுத்ததன் விளைவு இது. பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. அவர் பார்க்கும்போது நோய் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

மலையிலேயே தகரக் கூரை போட்ட சிறு பட்டறை ஒன்றை இளைஞர் ஒருவர் நடத்திவந்தார். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, சில ஆண்டுகள் பிறரிடம் வேலை பார்த்துவிட்டுத் தனியே தொழில் தொடங்கியவர். இந்நாட்டுப் பேச்சு வழக்கில் ‘போமன்’ என்று எல்லா இனத்தாரும் அழைக்கும் தொழிலாளருள் ஒருவர். ஆசிரியர் அவரிடம் சென்றபோது மாலை ஐந்து மணி. இளைஞர் காரின் மூடியைத் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“எப்போது நடுங்குகிறது, ஐயா?”

“காலையில் முதல் முறை இயக்கும்போது, தம்பி.”

“பள்ளி விட்டுத் திரும்பும்போது?”

“உண்டு, ஆனால், மிகக் குறைவு.”

“கீழே பட்டணத்தில்?”

“அங்கே ஒரு குறையும் இல்லை.”

“கரும்புகை வருகிறதா? பெட்ரோல் வாடை அடிக்கிறதா?”

“இரண்டும் இல்லை.”

“ரேடியேட்டர் நீர் குறைகிறதா? முன்பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா?”

“இல்லை.”

இக்கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு கதவை அடைத்தன. கரும்புகையும் பெட்ரோல் வாடையும் இல்லை என்றால், பெட்ரோல் மிகுந்து இயந்திரம் திணறவில்லை. குறைந்துதான் தவிக்கிறது என்று கருதலாம். நீர் குறையவில்லை என்றால், நீர் இயந்திரத்துக்குள் கசிந்து எரிதலைக் கெடுக்கிறது என்ற ஐயம் தளரும். சூடேறினால் சரியாகிறது என்றால், எந்நேரமும் கெட்டிருக்கும் உறுப்பைத் தேடுவதில் பயனில்லை. குளிருக்கென்றே தனிப்பணி செய்யும் உறுப்பையும், குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே விடக்கூடிய ரப்பர்க் குழாய்களையும் இணைப்புகளையுமே முதலில் நோக்க வேண்டும். ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் ஐயத்தின் எல்லை இவ்வளவு சுருங்கிவிட்டது.

“வண்டி இன்றிரவு இங்கேயே நிற்கட்டும், ஐயா. குளிரில் வரும் நோயைக் குளிரில்தான் பார்க்க வேண்டும்” என்றார் இளைஞர். தம் மோட்டார் சைக்கிளிலேயே ஆசிரியரை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆசிரியர் பட்டறைக்குச் சென்றார். சுவரில் தொங்கிய வெப்பமானி 17 பாகை காட்டியது. இளைஞர் காரின் கணினியோடு ஒரு சிறு படிப்புக் கருவியை இணைத்தார். இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினார். உள்ளே செல்லும் காற்றின் வெப்பம் 17 பாகை என்று கருவி காட்டியது. இயந்திர நீரின் வெப்பமோ 55 பாகை என்று காட்டியது! இரவு முழுதும் குளிரில் நின்ற வண்டியில் காற்றும் நீரும் ஒரே வெப்பத்தில் இருந்தாக வேண்டும். இளைஞர் ஆசிரியரின் கையைப் பிடித்து ரேடியேட்டரின் மேல் வைத்தார். அது ஆற்றுக்கல்லைப் போல் சில்லிட்டிருந்தது.

பலர் இந்த இடத்திலேயே உணரியைக் கழற்றி எறிந்திருப்பார்கள். இளைஞர் அவ்வாறு செய்யவில்லை. உணரி பொய் சொல்லலாம்; அதிலிருந்து செல்லும் கம்பியும் கெட்டிருக்கலாம்; எண்ணைப் படிக்கும் கணினியும் பிழை செய்யலாம். மூவருள் குற்றவாளி யார்? அவர் உணரியின் இணைப்பைப் பிரித்து, அதன் மின்தடையை அளந்தார். 17 பாகையில் 2,800 ஓம் அளவில் இருக்க வேண்டியது 700 ஓம் மட்டுமே காட்டியது. பின்னர், வானொலிப் பெட்டிகளில் பயன்படும் 2,500 ஓம் மின்தடை ஒன்றை உணரிக்குப் பதிலாகக் கம்பியில் செருகினார். கருவி உடனே 20 பாகை என்று காட்டியது. கம்பியும் கணினியும் குற்றமற்றவை என்பது உறுதியாயிற்று.

அடுத்து, உணரியை மீண்டும் இணைத்து இயந்திரத்தை இயக்கினார். அது வழக்கம்போல் நடுங்கியது. சோப்பு நீரைக் காற்றுக் குழாய்களின் இணைப்புகள் மீது தெளித்தார். எங்கேனும் விரிசல் இருந்தால் அந்நீர் உள்ளிழுக்கப்பட்டு, ஒரு கணம் விரிசலை அடைத்து, இயந்திரத்தின் ஓசையில் மாற்றம் காட்டும். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் இயந்திரத்தை அணைத்துவிட்டு, மறுபடியும் அந்த மின்தடையைச் செருகி இயக்கினார். இயந்திரம் நடுக்கமின்றி எழுந்து 1,300 சுற்றில் நிலைத்து நின்றது. ஆசிரியர் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பல வாரங்களாக அவர் கேளாத ஓசை அது.

நடந்தது இதுதான். உணரியின் உள்ளே ஈரம் புகுந்து மின்சாரத்துக்குக் குறுக்கு வழி ஒன்றை உண்டாக்கியிருந்தது. அதனால் குளிர்ந்த இயந்திரத்தைச் சூடானது என்று அது அறிவித்தது. கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்தது. பசித்தவனுக்கு ‘இவன் உண்டுவிட்டான்’ என்று சொல்லிப் பாதிச் சோறு போட்டதைப் போன்றது இது. இளைஞர் பழைய உணரியையும் புதிய உணரியையும் ஒரு டின் நீரில் இட்டு, அடுப்பில் வைத்துச் சூடாக்கிக் காட்டினார். 20 பாகையில் புதியது 2,450 ஓம் அளவும் பழையது 700 ஓமுக்கும் குறைவாகவும் காட்டின. 80 பாகையில் புதியது 320 ஓம். பழையது 240 ஓம். சூடேற ஏற உண்மையும் பொய்யும் நெருங்கி வந்தன. பட்டணத்தில் நோய் மறைந்ததற்குக் காரணம் அதுவே.

“அப்படியானால் எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை, தம்பி?” என்று ஆசிரியர் வினவினார்.

“கம்பி அறுந்தால் எரியும், ஐயா. நடவாத எண் வந்தாலும் எரியும். 55 பாகை நடக்கக்கூடிய எண்தானே? நம்பத்தக்க பொய்யைக் கணினி கண்டுபிடிக்காது” என்றார் இளைஞர்.

புதிய உணரியின் விலை நாற்பது வெள்ளி. கூலியை இளைஞர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. “நாளைக் காலைக் குளிரில் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அப்போதுதான் வேலை முடிந்ததாகும்” என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை கார் நடுங்கவில்லை. அதற்கடுத்த நாள் அந்தத் தாய் தம் பிள்ளைகள் இருவரையும் மீண்டும் காரில் ஏற்றி அனுப்பினார்.

மூன்றாம் பிள்ளை ஒன்பது வயதுச் சிறுவன். மூன்றாம் ஆண்டு மாணவன். காலையின் முதல் இரண்டு பாடவேளைகளில் அவன் தலை கவிழ்ந்தே இருக்கும். கூட்டல் கணக்கிலும் பிழை விடுவான். அவனது பதிவேட்டில் ‘சோம்பல், கவனம் இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. அடுத்த தவணையில் அவனைக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்புவதென முடிவாகியிருந்தது. குறையறி சோதனையும் முறைப்படி நடத்தப்பட்டிருந்தது. 1983ஆம் ஆண்டில் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த நாள்தொட்டு, குறையறி சோதனை, குறைநீக்கல் போதனை என்னும் சொற்களை அறியாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இல்லை. பயிற்சிக் கல்லூரியில் அவற்றின் இலக்கணம் கற்பிக்கப்படுகிறது. ஆனால், சோதனை எந்த நேரத்தில் நடத்தப்பட்டது என்று கேட்பார் இல்லை.

ஆசிரியர் அதைக் கேட்டார். அந்தச் சிறுவனுக்கு நடத்தப்பட்ட சோதனைகள் அனைத்தும் காலை எட்டு மணிக்கு முன் நடந்தவை என்று தெரியவந்தது. அதே அளவில் வேறொரு சோதனைத்தாளை ஓய்வு வேளைக்குப் பின்னர், பதினொரு மணிக்கு அவனிடம் கொடுத்தார். இருபது கணக்குகளில் காலையில் ஏழு மட்டுமே சரியாகச் செய்தவன், அன்று பதினாறு சரியாகச் செய்தான். அறியாமை என்று எண்ணப்பட்டது அறியாமை அன்று. அவன் அறிவு காலையில் எங்கோ அடைபட்டுக் கிடந்தது.

நாள்தோறும் காரில் ஏறும்போது, ‘பசியாறினாயா?’ என்று ஆசிரியர் அவனைக் கேட்பதுண்டு. ‘பசியாறினேன், ஐயா’ என்று அவனும் நாள்தோறும் சொல்வான். அதுவும் நடக்கக்கூடிய விடைதான். எந்த விளக்கும் எரியவில்லை. ஒரு நாள் ஆசிரியர் கேள்வியை மாற்றி, ‘இன்று என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்டார். சிறுவனிடம் பதில் இல்லை. பின்னர் மெல்ல மெல்லச் செய்தி வெளிவந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சந்தைக்குப் போகும் லாரிக்காகக் கோசுகளைக் கூடையில் அடுக்கத் தன் தந்தைக்கு அவன் உதவிவந்தான். வேலை முடிந்து, குளித்துச் சீருடை அணிவதற்குள் காரின் ஒலி கேட்டுவிடும். அவன் வெறும் வயிற்றோடு ஓடிவருவான். பள்ளியில் அவனுக்கு இலவச உணவு உண்டு; ஆனால், அது ஓய்வு வேளையில்தான் கிடைத்தது.

ஆசிரியர் அச்சிறுவனைத் தனியே அழைத்து உணவளிக்கவில்லை. அது அவனை நாணச் செய்யும் என்று அவர் அறிந்திருந்தார். முதல் மணி அடிக்கும் முன்னர், சீக்கிரம் வந்துசேரும் பிள்ளைகள் எல்லாருக்கும் சூடான மைலோவும் பிஸ்கட்டும் கிடைக்க, தலைமையாசிரியரிடமும் பெற்றோர் சங்கத்தாரிடமும் சொல்லி ஏற்பாடு செய்தார். சில வாரங்களில் சிறுவனின் காலை நேரத் தடுமாற்றம் பாதியாகக் குறைந்தது. முழுதும் தீரவில்லை. பசி தீர்ந்தது, உறக்கம் தீரவில்லை. ஆசிரியர் லயத்துக்குச் சென்று தந்தையிடம் பேசினார். கடன் இருக்கிறது, கூலிக்கு ஆள் வைக்க முடியாது என்று அவர் சொன்னதில் பொய்யில்லை. பள்ளி நாள்களில் இரண்டு நாள் மட்டும் உதவினால் போதும் என்ற அளவுக்கு அவர் இறங்கிவந்தார். அந்த இரண்டு நாள்களிலும் சிறுவனுக்குக் காலையில் எழுத்து வேலை தராமல் கதைப்பாடம் நடத்துவதென ஆசிரியர் வைத்துக்கொண்டார். குறைநீக்கல் வகுப்புக்கு அவன் அனுப்பப்படவில்லை.

காரையும் குழந்தையையும் ஒன்றாக வைத்து எண்ணுவது முறையன்று. கெட்ட உணரியை நாற்பது வெள்ளிக்கு மாற்றிவிடலாம். நான்கு மணிக்கு எழும் வறுமையை மாற்ற எந்தக் கடையிலும் பொருள் விற்பதில்லை. காரை ஓரிரவு நிறுத்திவைத்துப் பார்க்கலாம். குழந்தையின் வளர்ச்சி ஒரு நாளும் நின்று காத்திருப்பதில்லை. ஆயினும் ஆராயும் முறை இரண்டுக்கும் பொது. குறை எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்று முதலில் கேட்பது. அது தோன்றும் நேரத்திலேயே அதைப் பார்ப்பது. எளிய காரணத்தை முதலில் சோதிப்பது. ஐயத்துக்குரிய ஒன்று கிடைத்தவுடன் தீர்ப்புச் சொல்லாமல் மற்றவற்றின் குற்றமின்மையையும் நிறுவுவது. திருத்திய பின்னர் அதே குளிரில் மீண்டும் இயக்கிப் பார்ப்பது. இவ்வைந்தையும் கடைப்பிடிக்கும் பட்டறைக்காரர் வீண் செலவு வைப்பதில்லை. இவ்வைந்தையும் கடைப்பிடிக்கும் ஆசிரியர் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே அவசரப்பட்டு ஒரு சொல்லை எழுதிவிடுவதில்லை.

பட்டறையில் தவறான உறுப்பை மாற்றினால் பணம் மட்டுமே வீணாகும். பள்ளியில் எழுதப்படும் தவறான சொல்லோ ஆண்டுக்கு ஆண்டு ஒரு பதிவேட்டிலிருந்து மறு பதிவேட்டுக்கு நகர்ந்து, முடிவில் அந்தப் பிள்ளையே தன்னைப் பற்றி நம்பிவிடும் சொல்லாகிவிடும். ‘சோம்பல்’ என்று மூன்றாம் ஆண்டில் எழுதப்பட்டவன் ஆறாம் ஆண்டில் உண்மையாகவே சோம்பியிருப்பதைக் காணாத ஆசிரியர் உண்டோ?

ஆசிரியர்கள் வைத்திருக்கும் குறையறி சோதனைப் பதிவில் மாணவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. நாளுக்கு ஒரு கட்டம் உண்டு. புள்ளிக்கும் குறிப்புக்கும் கட்டங்கள் உண்டு. சோதனை நடந்த நேரத்துக்கு இன்னும் ஒரு கட்டம் சேர்ப்பது கடினமன்று. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை; ஓர் அடிக்கோலும் ஒரு பென்சிலும் போதும். அந்த ஒரு கட்டம் பத்துப் பிள்ளைகளுள் ஒரு பிள்ளையைப் பற்றியேனும் புதிய கேள்வி ஒன்றை எழுப்புமானால், கோடு போட்ட உழைப்பு வீணாகாது.